மதிலுக்குள் ஒரு நிழற்பட நிலையம்

தோழியுடன் ஒப்பனை செய்துகொண்டு ஸ்டூடியோவிற்குச் சென்று படமெடுத்து மகிழ்தல் இன்று நம் காலனிப் பெண்டிர்க்கு எளிய பொழுதுபோக்கு. கோஷா வழக்கம் வேரூன்றியிருந்த பழைய ஐதராபாத்திலோ அயலாடவர் முன் முகங்காட்டல் ஆகாது; காமிராவின் பின்னே நிற்பவரோ பெரும்பாலும் ஆடவர். எனவே, மாளிகையில் வாழ்ந்தும் தம் சாயல் ஒன்றேனும் எஞ்சாது மறைந்த மகளிர் பலர்.

இக்குறையை உணர்ந்தவர் நிஜாமின் அரசவை நிழற்படக் கலைஞர் லாலா தீன்தயாள். 1892-ல் அந்நகரில் மகளிர்க்கெனவே ஒரு ஸ்டூடியோவைத் திறந்தார். சுற்றிலும் உயர்ந்த மதில். பொறுப்பேற்றவர் கென்னி-லெவிக் என்னும் ஆங்கில மாது. வழக்கத்தோடு போராடாமல், அதன் வேலிக்குள்ளேயே காமிராவைப் புகுத்திய அவர்தம் நுண்ணறிவை நாம் வியக்கிறோம். வணிக நோக்கமும் அதில் இருந்திருக்கும், அது குற்றமன்று. திரைக்குள் வாழ்ந்த பெண்ணும் தன் முகத்தைத் தன் பேத்திக்கு விட்டுச்செல்ல அங்கே வழி பிறந்தது.