திருப்பிச் சொன்ன குரல்: வேம்பாற்றுக் கடிதமும் மொழித்தேர்ச்சியின் எல்லையும்

1548 அக்டோபர் 31 அன்று வேம்பாற்றிலிருந்து இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் அச்சபையின் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தை, ஓர் ஐரோப்பியர் எத்தனை விரைவில் தமிழ் கற்றார் என்பதற்கான சான்றாக வாசிப்பது எளிது. துபாசியை, அதாவது மொழிபெயர்ப்பாளரை, விட்டுவிட்டதாக அதில் சொல்கிறார். ஆகவே தேர்ச்சி வந்துவிட்டது என்பது அந்த வாசிப்பின் முடிவு. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய ‘தம்பிரான் வணக்க’த்தின் புகழை முப்பது ஆண்டு பின்னுக்கு இழுத்து, முத்துக்குளித்துறைக்கு வந்து ஓராண்டே ஆன ஒருவர்மேல் போர்த்தும் வாசிப்பு இது.

அதே கடிதத்தில் உள்ள இன்னொரு செய்தி இந்த முடிவுக்கு இடம் கொடுக்கவில்லை. கோயிலில் மக்களிடம் தாம் தமிழிலேயே பேசுவதாகவும், தாம் பேசியதை வேறொருவர் திரும்பவும் தமிழிலேயே சொல்வதாகவும் எழுதுகிறார். அங்கே நடந்தது மொழிபெயர்ப்பு அல்ல. தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு கைமாற்று. அடிகளார் ஒரு வாக்கியம் சொல்கிறார், பரதவர் காத்திருக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர் அதையே சொன்ன பிறகுதான் அது அவர்களிடம் போய்ச் சேர்கிறது.

கூட்டம் பெரிது, குரல் எட்டவில்லை, அதனால் ஆள் வைத்தார் என்று சொல்லலாம். கடிதமே அதை மறுக்கிறது: அவர் காட்டும் காரணம் உச்சரிப்பு. தன்னடக்கத்துக்காக எழுதியது என்ற வாதத்துக்கும் வலுவில்லை. துபாசியை விட்டதை மேலிடத்துக்கு எழுதுபவர் தன் முன்னேற்றத்தை மறைக்கவில்லையே.

ஒரு கடிதத்தை வைத்து அதிகம் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் தேர்ச்சிக்கு இங்கே இரண்டு எல்லைகள் இருப்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. நினைத்ததைத் தமிழில் சொல்ல முடிந்தது முதல் எல்லை. அதைத் தாண்டியதை அவரே அறிவித்துக்கொண்டார். கேட்டவருக்கு விளங்கியதா என்பது இரண்டாவது. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வேம்பாற்று மக்களிடம் இருந்தது, அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

இவ்விரண்டுக்கும் கீழே இன்னொரு படி உண்டு. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், பிறர் மொழிபெயர்த்துக் கொடுத்த செபங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்ததை, 1544இல் தன் உடன்பணியாளர் மன்சில்லாசுக்கு எழுதித் திருத்தச் சொன்னார். பிசகாமல் ஒப்பித்தும் பொருள் பிசகியிருந்தது.

இன்று தூத்துக்குடிப் பள்ளிப் பிள்ளையின் ஆங்கிலத்தை அளப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வின் ஆங்கிலச் சோதனை பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சொல், எளிய வாக்கியம் என்று படிப்படியாக வாசிக்கச் சொல்கிறது. சொல்லையோ வாக்கியத்தையோ வாசித்துவிட்டால் பொருளும் கேட்கிறது. ‘வேணும்’ போன்ற பிசகு அங்கே பிடிபடும், அது நல்லதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. பிள்ளை தானாகச் சொன்னது தனக்கு விளங்கியதா என்று தீர்மானிக்கும் கேட்பவர் இரண்டிலுமே இல்லை.

அந்தக் கேட்பவரை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு வழி உண்டு: ஒரு பிள்ளை படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விவரிக்கட்டும். படத்தைப் பார்க்காத இன்னொரு பிள்ளை அதைக் கேட்டு வரையட்டும். வரைகிற பிள்ளை எத்தனை தடவை “திரும்பச் சொல்லு” என்று கேட்கிறது என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம்.