இருபது டாலர் நோட்டில் எந்த மேப்பிள்?

கனடா கொடியில் 1965லிருந்து மேப்பிள் இலை இருக்கிறது. ஆனால் 2012ல் வந்த பாலிமர் இருபது டாலர் நோட்டைப் பார்த்த ஒரு தாவரவியலாளர், அதிலிருப்பது உள்ளூர் இலை இல்லை, நார்வே மேப்பிள் என்றார். பல இனங்களைக் கலந்து வரைந்தது என்று கனடா வங்கி சமாளித்தது.

இதில் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். நார்வே மேப்பிள் ஐரோப்பிய மரம். பிலடெல்பியாவின் ஜான் பார்ட்ரம் 1756ல் லண்டனிலிருந்து வரவழைத்தார். 20ஆம் நூற்றாண்டில் டச்சு எல்ம் நோயில் தெருவோர எல்ம் மரங்கள் செத்தபோது, நகரத்துப் புகையைத் தாங்கும் என்று இதைத்தான் நிறைய நட்டார்கள். விதை பறந்து காட்டுக்குள் போனது. அதன் அடர்ந்த நிழலில் உள்ளூர்க் கன்றுகள் தலையெடுக்க முடிவதில்லை.

சிரப் தரும் சர்க்கரை மேப்பிளுக்குப் பெயரிலேயே குழப்பம். லின்னேயஸ் 1753ல் 'சக்காரினம்' என்று பெயர் வைத்தது வெள்ளி மேப்பிளுக்கு. சர்க்கரை மேப்பிளுக்கு 'சக்காரம்' என்ற பெயர் 1785ல்தான் வந்தது. வைத்தவர் ஹம்ப்ரி மார்ஷல், அதே பார்ட்ரமின் உறவினர்!

சரி, எப்படிப் பிரிக்கிறது? இலைக்காம்பை ஒடிச்சுப் பாருங்க. பால் கசிந்தால் நார்வே. தெளிந்த சாறுன்னா சர்க்கரை. விதையில், நார்வேயின் இரண்டு இறக்கைகளும் கிட்டத்தட்ட நேர்கோடாக விரியும். சர்க்கரையில் லாடம் மாதிரி வளையும். இலை உதிர்ந்த பிறகு மொட்டைப் பாருங்க: நார்வேக்குக் குண்டு, சர்க்கரைக்கு ஒல்லியான கூர்முனை.

அன்னிய மரத்தை அகற்றக் கோடரியோடு போகிறவருக்கு இந்தச் சோதனை அவசியம். நோட்டில் இருக்கிற இலைக்குத்தான் காம்பை ஒடிக்க முடியாது.