சாலை மரமும் சரித்திரமும்

உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லியில் குடியேறிய நமக்கு, இந்நகரத்துக் கோட்டைகளும் கல்லறை மாடங்களும் சரித்திரமாகத் தெரிகின்றன. நாம் நாள்தோறும் உலாவச் செல்லும் சாலையில் நிழல் தரும் மரங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1911-ஆம் ஆண்டில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. புதிய நகரை வகுத்தவர்கள், கட்டடங்களோடு மரங்களையும் திட்டமிட்டே அமைத்தனர். அக்பர் சாலைக்குப் புளி, ஜனபாதைக்கு நீர்மருது, இந்தியா கேட் நோக்கிச் செல்லும் பெருவழிக்கு நாவல். மொழி விளங்காத தெருக்களில் நாம் முதலில் அடையாளம் கண்டுகொண்ட உறவுகள் இம்மரங்களே அல்லவா? அப்பெருவழி முதலில் கிங்ஸ்வே எனப்பட்டது. பின்னர் ராஜபாதை ஆயிற்று. 2022 முதல் கர்த்தவ்ய பாதை. பெயர் மாறியும் நாவல் நிழல் மாறவில்லை.

ஆயினும், மரம் என்றும் நிற்கும் என்று நம்பியிருத்தல் தகாது. 2018-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய அரசாங்கக் குடியிருப்புகளைப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட ஏற்பாடாயிற்று. மக்கள் மரங்களைத் தழுவி நின்றனர்; தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த இடங்கள் அவை. அங்கே நம் குழந்தைகள் விளையாடிய வேம்பு எவ்வளவு பருத்திருந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? நம் வீட்டு ஆல்பங்களில் மரம் இருந்தால், அது யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதியாகத்தான் தெரியும்.

1864-இல் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் ஸ்ரீநகரத்துப் பாப்ளர் மரச்சாலையைப் படம் பிடித்தார். கண்ணாடித் தகடுகளையும், இரசாயனப் புட்டிகளையும், இருட்டறைக் கூடாரத்தையும் சுமக்க ஓர் ஆள்படையே அவருடன் சென்றது. அன்றைய மரவரிசையை இன்றும் நாம் காண்பது அந்த உழைப்பின் பயன். நமக்கோ சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதும்.

உலாவும் வழியில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்வோம். பருவந்தோறும் ஒரே இடத்தில் நின்று, முழு மரத்தையும், பட்டையையும், இலையையும், பூ அல்லது காயையும் படம் பிடிப்போம். அடிமரத்தருகே ஒருவரை நிறுத்தினால் அதன் பருமன் விளங்கும். தேதியையும் இடத்தையும் மறவாமல் குறித்து வைப்போம். தேதியில்லாத படம் அழகாக இருக்கலாம், சான்றாகாது.

மாற்றல் உத்தரவு வந்தால் நாம் வேறு ஊர் போய்விடுவோம். நமக்கு நிழல் தந்த மரம் இங்கே இருந்தது என்பதற்கு ஒரு சாட்சியத்தையேனும் விட்டுச் செல்வது, நாம் அதற்குச் செலுத்தக்கூடிய சிறு நன்றிக்கடன் ஆகும்.