வருஷக்கணக்கா நின்ன கார்... பேட்டரியா, ஆல்டர்நேட்டரா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

புதுச்சேரியில் இந்தக் காட்சியைப் பார்க்காத தெரு குறைவு. பெரியவர்கள் பிள்ளைகளோடு பிரான்ஸில் இருப்பார்கள். இங்கே முத்தியால்பேட்டையிலோ, லாஸ்பேட்டையிலோ பூட்டிய வீட்டின் போர்ட்டிகோவில், உறை போட்ட ஒரு மாருதி 800 நிற்கும். நம்பர் பிளேட்டில் பி.ஒய்-01. தாத்தா வாங்கிய கார். விற்க மனசு வராது, ஓட்டவும் ஆள் இருக்காது.

அப்புறம் ஒருநாள் பேரனோ பேத்தியோ சாவியைக் கையில் எடுப்பார்கள். செல்ஃப் அடித்தால் 'டிக்'னு ஒரே ஒரு சத்தம். புது பேட்டரி வாங்கி மாட்டினால் ஸ்டார்ட் ஆகும், ரெண்டு நாளில் அதுவும் இறங்கிவிடும். "டைனமோ போச்சு, புதுசா போட்டுடலாம்" என்பார்கள். அதையும் மாற்றி, அப்போதும் சரியாகவில்லை என்றால் அடுத்த பேச்சு, "பேசாம காயலான் கடைக்குப் போட்டுடுங்க!"

மாருதி 800, அம்பாசடர் ரெண்டுமே 2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். ஒன்று போனால் இன்னொன்று ஷோரூமில் கிடைக்காது. அதனால், பார்ட்ஸை மாற்றும் முன்பு அளந்து பார்ப்பது முக்கியம். நீண்ட நாள் நின்ற வண்டியில் கோளாறு பெரும்பாலும் ஆல்டர்நேட்டருக்கு வெளியேதான் இருக்கும்: துருப்பிடித்த டெர்மினல், விட்டுப்போன எர்த், எலி கடித்த வயர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால், முக்கால்வாசி சோதனையை நீங்களே செய்துவிடலாம்.

முதல்ல இதைப் புரிஞ்சுக்கலாம்

பேட்டரியின் வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், ஃபேன் பெல்ட் ஆல்டர்நேட்டரைச் சுற்றும். அது தயாரிக்கிற கரன்ட்தான் ஹெட்லைட், வைப்பர், ஹாரனை எல்லாம் ஓட்டி, மிச்சத்தில் பேட்டரியையும் நிரப்பும். வோல்டேஜ் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர். பழைய மெக்கானிக்குகள் இதை 'கட்டவுட்' என்பார்கள்.

கரன்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, வயர் வழியாகப் போய், காரின் பாடி வழியாகத் திரும்பி வரணும். இந்த வட்டத்தில் எங்கே அறுந்தாலும் சார்ஜ் ஏறாது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று முதலில் தாக்குவது இந்த வட்டத்தின் இணைப்புகளைத்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படித் தெருவில் தேங்கிய தண்ணீரில் நின்ற வண்டி என்றால், ஆல்டர்நேட்டருக்குள் சேறு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தொடும் முன்பு...

* பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வருதான்னு பாருங்க. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்து ஒழுகினால், அதைச் சரிசெய்யும் வரை பேட்டரியை இணைக்கக் கூடாது.
* எலிக்கூடு இருந்தால் அகற்றிவிட்டு, வயர்களை டார்ச் அடித்துப் பாருங்க. தோல் உரிந்த வயர் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.
* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீங்க. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.
* ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்க. ஓடுகிற பெல்ட் பக்கம் துப்பட்டா, தளர்ந்த முடி, வேட்டி நுனி எதுவும் போகக் கூடாது.

ஸ்டெப் 1: பேட்டரி

மீட்டரை டி.சி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள்.

* 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்.
* 12.2: பாதி.
* 12.0: கிட்டத்தட்ட கால்வாசி.
* 10.5-க்குக் கீழே: முழுசா இறங்கிவிட்டது. பல மாதம் இப்படியே கிடந்திருந்தால், உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகியிருக்கும். மீள்வது கஷ்டம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். பேட்டரி மூடி திறக்கக்கூடிய வகை என்றால், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்றணும். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ தண்ணீரும் வேண்டாம். உள்ளே இருப்பது ஆசிட் என்பதால், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

அடுத்து பேட்டரி கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். 35 ஏ.ஹெச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் அளவில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஒரு மணி நேரத்துல ஏத்தித் தரேன்" என்றால் வேண்டாம்னு சொல்லிடுங்க. ஃபுல் சார்ஜ் ஆன பேட்டரியோடு செல்ஃப் அடிக்கும்போது, மீட்டர் 9.6-க்குக் கீழே விழுந்தால், பெரும்பாலும் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது.

பேட்டரி சுத்தமா இறங்கிய நிலையில் ஜம்ப் ஸ்டார்ட் செய்து, "ஓட்டினா தானா ஏறிடும்" என்று கிளம்புவது தப்பு. காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்நேட்டர் முழு லோடில் சூடாக ஓட வேண்டியிருக்கும். வயசான ஆல்டர்நேட்டர் அங்கேயே படுத்துவிடலாம்.

ஸ்டெப் 2: மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கு

டேஷ்போர்டில் உள்ள அந்தச் சின்ன பேட்டரி விளக்கைப் பலரும் வெறும் எச்சரிக்கை விளக்கு என்று நினைக்கிறார்கள். பழைய கார்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பிப்பதற்குத் தேவையான முதல் பொட்டுக் கரன்ட், அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால், நல்ல ஆல்டர்நேட்டரும் சும்மா சுற்றும்!

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விளக்கு எரியணும். எரியலையா? ஆல்டர்நேட்டரில் உள்ள மெல்லிய வயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள்.

* இப்போது விளக்கு எரிந்தால்: பல்பும் வயரும் நல்லா இருக்கு. கோளாறு ஆல்டர்நேட்டருக்குள்ளே.
* எரியவில்லை என்றால்: பல்பு, ஃபியூஸ், வயர் மூன்றில் ஒன்று.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: தடிமனான வயரைத் தொடவே கூடாது. அதில் பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும், பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

உள்ளேதான் கோளாறு என்றாலும், உடனே புது ஆல்டர்நேட்டர் வாங்க வேண்டாம். வருஷக்கணக்கில் நின்றதால் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் சிக்கிக்கொள்வதும், அது உரசும் வளையத்தில் துரு ஏறுவதும் சகஜம். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம், "பிரிச்சு கார்பனைப் பாருங்கண்ணா" என்று முதலில் கேளுங்கள். புது ஆல்டர்நேட்டரோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

ஸ்டெப் 3: ஃபேன் பெல்ட்

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ரெண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்துங்கள். சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் டைட் செய்யணும். ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலும், வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஹெட்லைட் போட்டதும் 'கீச்' சத்தம் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டைத்தான்.

ஸ்டெப் 4: ஓடும்போது எத்தனை வோல்ட்?

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரியில் மீட்டரை வையுங்கள்.

* 13.8 முதல் 14.5 வரை: சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட் போட்டும் 13.5-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.
* 12.6-லிருந்து இறங்கிக்கொண்டே போனால்: சார்ஜே ஏறவில்லை.
* 15-ஐத் தாண்டினால்: ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்து, பல்புகள் அடுத்தடுத்து போகும். ஓட்டாதீங்க.

மீட்டரை ஏ.சி வோல்ட்டுக்கு மாற்றியும் பாருங்கள். 0.5-க்கு மேல் காட்டினால், உள்ளே டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது பழைய பழக்கம். செய்யவே செய்யாதீங்க. வோல்டேஜ் திடீரென்று எகிறி, டையோடும் ரெகுலேட்டரும் பொசுங்கிவிடும். நல்ல ஆல்டர்நேட்டரையும் நாமே கெடுத்தது போலாகும்.

ஸ்டெப் 5: உப்புக்காற்று டெஸ்ட்

நம்ம ஊருக்கு மிக முக்கியமான சோதனை இது. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரியட்டும்.

முதலில், ஆல்டர்நேட்டரின் தடிமனான வயர் மாட்டிய போல்ட்டில் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் இன்னொரு முனை. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் எங்கோ துரு.

பிறகு, ஆல்டர்நேட்டர் பாடியில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் இன்னொரு முனை. 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் பளபளன்னு தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். கடற்கரை ஊரில் "டைனமோ போச்சு" என்று முடிவுகட்டும் முன்பு, இந்தப் பட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப் 6: ஓடும்போது ஓகே... காலையில் டெட்?

அப்படியென்றால் எங்கோ கசிவு. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

கார்புரேட்டர் காலத்து கார் என்றால், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். ஸ்டீரியோ, கடிகாரம் இருந்தாலும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் ரீடிங் விழுகிறதோ, திருடன் அந்த லைனில். எதை எடுத்தும் குறையவில்லை என்றால், ஆல்டர்நேட்டர் டையோடு மேல்தான் அடுத்த சந்தேகம்.

அம்பாசடர், ஃபியட் வச்சிருக்கீங்களா?

பழைய அம்பாசடர், ஃபியட் வண்டிகளில் ஆல்டர்நேட்டருக்குப் பதில் நிஜமான டைனமோ இருக்கும். ஐடிலிங்கில் அது போதுமான கரன்ட் தராது. சிவப்பு விளக்கு லேசாகச் சிமிட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால், நீண்ட நாள் நின்றால் உள்ளே இருக்கும் காந்தத்தன்மை மங்கிவிடும். பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரன்ட் கொடுத்து அதைத் திரும்ப எழுப்பணும். தெரிந்த பழைய எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். சார்ஜர் மாட்டும் முன்பு அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இ.சி.ஆர் ஏறும் முன்பு

எல்லாம் சரியானதாகத் தோன்றினாலும், முதல் டிரைவ் பகலில், வீட்டுப் பக்கமே இருக்கட்டும். சார்ஜ் ஏறாத காரில் ராத்திரி ஹெட்லைட்டோடு இ.சி.ஆரில் போனால், விளக்கு மெல்ல மெல்ல மங்கி, இருட்டில் நடுரோட்டில் இன்ஜின் நிற்கும். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி புதுப்பித்திருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திரும்பவும் வெளிநாடு கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தால், "வாரம் அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க" என்று சொல்லாதீங்க. ஸ்டார்ட் செய்ய செலவான சார்ஜ்கூட ஐடிலிங்கில் ஒழுங்காகத் திரும்பாது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்வது நல்லது.

இன்று எடுத்த ரீடிங்குகளைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை யாராவது "டைனமோ போச்சு" என்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசலாம்.