வயிற்றுக்குள் கேட்ட எதிரொலி



ஒன்பதாம் வகுப்பு ஒலிப் பாடத்தில் சோனாருக்காக நான் கரும்பலகையில் போடும் கப்பல் படம் நினைவிருக்கிறதா? அந்த எதிரொலி ஆஸ்பத்திரிக் கட்டில் வரை வந்த கதையை இன்று சொல்கிறேன்.

1880இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். பிறகு அத்தகைய படிகங்கள் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடின. ஆலைகளில் உலோக விரிசலைத் தேடின. 1955இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போய், விரிசல் தேடும் கருவியில் வைத்துப் பார்த்தார். ஒப்பிட ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது! நீர்க்கட்டிக்கும் தசைக்கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. 1958இல் 'லான்செட்' இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது.

விபத்தில் அடிபட்டவருக்கு வெளியே காயமே இருக்காது. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டும். 1965 முதல் இதற்கு ஒரு வழி இருந்தது: தொப்புளருகே துளையிட்டு, உப்புநீர் செலுத்தி, திரும்பி வருவது சிவப்பா என்று பார்ப்பது. 1970களில் ஐரோப்பிய மருத்துவர்கள் இதற்கு அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1990களில் அமெரிக்காவில் கிரேஸ் ரோசிக்கி முதலானோர் முறைப்படுத்த, 'ஃபாஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது. கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி என நான்கே இடங்கள். சில நிமிட வேலை. தேங்கிய ரத்தம் திரையில் கருப்பாகத் தெரியும். ரத்த அழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தால் நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். ஆனால் கருப்பு தெரியாததால் ஆபத்தில்லை என்று ஆகாது. குடலில் ஓட்டை விழுந்தது இதில் தப்பிவிடலாம்.

முன்பெல்லாம் நமக்குப் பெரிய சிகிச்சை என்றால் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது; 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கித்தானே வர வேண்டும்?

கையடக்கக் கருவியை மலைக்கே கொண்டுபோனால் என்ன என்று கேட்பீர்கள். 1994இல் இயற்றிய சட்டப்படி ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துப்போக முடியாது. பெண் பிள்ளை வேண்டாமென்று அதே திரையைப் பார்த்துக் கருவை அழித்தவர்கள் நம்மிடையே இருந்ததால் வந்த சட்டம் அது. தேவையான சட்டம்தான். ஆனால் அவர்கள் செய்த பாவத்தின் விலையில் ஒரு பங்கை, மரத்திலிருந்து விழுந்த மலைக்காரரும் கொடுக்கிறார்.

பிள்ளைகளே, வண்டியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தவருக்கு வயிறு வலித்தால், வியர்த்துத் தலை சுற்றினால், "வெளியே காயமில்லையே" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமும் நர்சிங்கும் படித்த என் மாணவர்கள், நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.