செவிலித்தாயும் சான்றிதழும்

சங்க அகப்பாடல்களில் இரு தாயர் வருகின்றனர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உயிர்த்தோழியைப் பெற்றவளும் இச்செவிலியே என்பது அகமரபு. அந்தச் சொல்லிலிருந்தே மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோருக்குச் செவிலியர் என்று இந்நாளில் பெயர் வைத்தோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'நர்ஸ்' என்ற சொல்லின் கதையும் இதுவேயாகும். பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்ப்பவளையே அச்சொல் முதலில் குறித்தது. நோயாளரைப் பேணும் தொழிலுக்கு அது பிற்பாடுதான் சென்றது.

செவிலியர் கல்வி பெறாத ஒருவர் பாலூட்டல் ஆலோசகர் ஆக இயலுமா என்று இன்று பலர் வினவுகின்றனர். சொற்களின் வரலாற்றைப் பார்த்தால் வினாவே தலைகீழாக இருக்கிறது. பாலூட்டும் கலை முதலில் தாயரிடம் இருந்தது. பட்டயமும் சீருடையும் அதன் பின்னரே வந்தன. அக்கலை தாயர் கையிலிருந்து எவ்வாறு நழுவியது, மீண்டும் எவ்வாறு அவர்களிடம் வந்து சேர்ந்தது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பழைய குடும்பங்களில் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வாள். பாட்டி, அத்தை, பெரியம்மா, ஊர் மருத்துவச்சி எனப் பலர் சூழ்ந்திருப்பர். குழந்தையை மடியில் எப்படிக் கிடத்துவது, மார்பு கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பனவற்றையெல்லாம் அவள் கேட்டறிய வேண்டியதில்லை, பார்த்தே அறிந்துகொள்வாள். ஆயினும் அந்தப் பழைமை முழுவதும் பொன் என்று கூறுவதற்கில்லை. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலைத் தீயதென்று பீய்ச்சி எறிந்த வீடுகள் உண்டு. தாய்ப்பாலுக்கு முன்னர்த் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ சேனை என்று குழந்தையின் நாவில் தொட்டு வைத்த வழக்கமும் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது சீம்பால் என்பதையும், சேனையால் கிருமி புகக்கூடும் என்பதையும் மருத்துவ அறிவியலே நமக்கு உணர்த்திற்று. எனவே அனுபவத்திற்கு அறிவியலின் துணை வேண்டும். அறிவியலுக்கும் அனுபவத்தின் துணை வேண்டும் என்பதை அமெரிக்க நாட்டின் வரலாறு காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டில் மகப்பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் சென்றது. அதனால் தாயரின் உயிர் பெரிதும் காக்கப்பட்டது. அந்த நன்மையை மறுப்பாரில்லை. ஆனால் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்தனர். நான்கு மணிக்கு ஒருமுறை என்று கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கும் முறை புகுந்தது. புட்டிப்பால் விஞ்ஞானத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. விளைவு எண்களிலே தெரிந்தது. 1946-ல் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே அருந்தியவை 38 விழுக்காடு. 1956-ல் அது 21 விழுக்காடாகச் சுருங்கியது.

அந்த 1956-ஆம் ஆண்டின் கோடையில், சிகாகோ நகருக்கு அருகே எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் பூங்காவில் ஒரு கிறித்தவக் குடும்ப இயக்கத்தினர் உல்லாச விருந்துக்குக் கூடினர். மேரி ஒயிட், மேரியன் டாம்ப்சன் என்ற இரு தாயர் ஒரு மரத்தடியில் அமர்ந்து தம் குழந்தைகளுக்குப் பாலூட்டினர். பல பெண்கள் அவர்களை அணுகி, தாங்களும் அவ்வாறே செய்ய விரும்பியும் இயலாமற் போயிற்று என்று வருந்தினர். விருப்பம் இல்லாமையன்று, கற்பிப்பார் இல்லாமையே குறை என்பதை அவ்விருவரும் உணர்ந்தனர். ஏழு பெண்கள் ஒன்றுசேர்ந்தனர். அக்டோபர் மாதத்தில், ஃப்ராங்க்ளின் பார்க் என்ற ஊரில், மேரி ஒயிட்டின் இல்லத்தில் முதற்கூட்டம் நடைபெற்றது. லா லேச்சே லீக் என்பது அச்சங்கத்தின் பெயர். 'லேச்சே' என்பது பாலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். ஃபுளோரிடாவிலுள்ள ஒரு மாதா கோயிலின் பெயரிலிருந்து அதனை எடுத்துக்கொண்டனர்.

அவ்வெழுவரும் தாயர் என்ற முறையிலேயே கூடினர். மேரி ஒயிட்டின் கணவர் டாக்டர் கிரகரி ஒயிட், டாக்டர் ஹெர்பர்ட் ராட்னர் ஆகிய மருத்துவர்கள் துணைநின்றனர். ஆயினும் கூட்டத்தை நடத்தியவரும், கடிதங்களுக்கு மறுமொழி எழுதியவரும், நள்ளிரவில் தொலைபேசியில் அழுத இளந்தாய்க்குத் தைரியம் கூறியவரும் அப்பெண்களே. 1958-ல் தம் அனுபவங்களைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டனர். 1963-ல் அது விரிந்த நூலாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1964-ல் மேரி பேட்டனும், நார்வேயில் 1968-ல் எலிசபெத் ஹெல்சிங்கும் இத்தகைய சங்கங்களைத் தோற்றுவித்தனர். பட்டம் இல்லாத தாயர் கட்டிய பள்ளிக்கூடங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

அனுபவம் மட்டும் கொண்ட பெண்ணால் எப்படி இத்தனை பயன் விளைந்தது? பால் சுரக்கும் இயல்பே அதற்கு விடையாகும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்ஸிடோசின் என்னும் இரு நீர்கள் வெளிப்படுகின்றன. முன்னது பாலைச் சுரக்கச் செய்யும். பின்னது சுரந்த பாலை வெளியே செலுத்தும். எடுக்க எடுக்க ஊறும் கிணறு போன்றது தாயின் மார்பு. குழந்தை காம்பின் நுனியை மட்டும் பற்றினால் தாய்க்குப் புண்ணும் சேய்க்குப் பசியும் மிஞ்சும். காம்பைச் சூழ்ந்த கரிய வட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்நிறையப் பற்றினால் இருவர்க்கும் நலம். அச்சமும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும். ஆறுதல் அதனை எளிதாக்கும். 'எனக்குப் பால் போதவில்லை' என்று கலங்குவோரில் பலருக்கு வேண்டுவது மருந்தன்று. அருகில் அமர்ந்து, குழந்தையைச் சரியாகப் பொருத்திக் காட்டி, காத்திருக்கச் சொல்லும் ஒரு பெண்ணே.

எனினும் எல்லா இடர்களும் ஆறுதலால் தீர்வன அல்ல. குறைமாதத்தில் பிறந்த சிசு, பிளவுபட்ட அண்ணம், மார்பில் சீழ்க்கட்டி, தாய் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றில் நல்லெண்ணம் மட்டும் போதாது. இதனைத் தொண்டர்களே முதலில் உணர்ந்தனர். லா லேச்சே லீக்கின் கடனுதவியோடு 1985-ல் அனைத்துலகப் பாலூட்டல் ஆலோசகர் தேர்வு வாரியம் அமைந்தது. ஜோஆன் ஸ்காட், லிண்டா ஸ்மித் ஆகியோர் அதன் தொடக்கப் பணியில் முன்நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் வாஷிங்டனிலும் மெல்போர்னிலும் முதல் தேர்வு நடைபெற்றது. பாலூட்டல் ஆலோசனை ஒரு தனித் தொழிலாக அன்று பிறந்தது.

தொண்டிலிருந்து பிறந்த தொழிலாதலின், செவிலியர் அல்லாதாருக்கும் அதன் கதவு திறந்தே வைக்கப்பட்டது. உடற்கூறு, உடலியங்கியல், ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, உளவியல் முதலிய கல்லூரிப் பாடங்களும், முதலுதவி, தொழில் ஒழுக்கம், தொற்றுத் தடுப்பு முதலிய சிறு பயிற்சிகளுமாகப் பதினான்கு பாடங்களை அவர்கள் முடித்தல் வேண்டும். இவற்றோடு பாலூட்டலைப் பற்றியே 95 மணிநேரக் கல்வி உண்டு. பின்னர்த் தாயர்க்கு நேரில் உதவிய பழக்கம் வேண்டும்: அங்கீகாரம் பெற்ற தொண்டர் சங்கத்தின் வழியே உழைப்போர் ஆயிரம் மணிநேரக் கணக்கையும், தேர்ந்த ஆலோசகர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயில்வோர் ஐந்நூறு மணிநேரக் கணக்கையும் காட்டுதல் முறை. அதன் பிறகே தேர்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவ்விதிகள் அவ்வப்போது திருத்தம் பெறுவன. சேர விரும்புவோர் வாரியத்தின் அண்மைக் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நன்று.

கதவு திறந்திருந்தாலும் படிகள் உயரமானவை. கட்டணம், கல்லூரிப் பாடம், ஊதியமின்றி உழைக்கும் காலம் ஆகியவற்றை ஏழைப் பெண்கள் தாங்குவது அரிது. இச்சிக்கல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வழக்காகவே மூண்டது. அவ்வாரியத்தின் சான்றிதழ் பெற்றோரே உரிமம் பெற்றுக் கட்டணத்திற்கு ஆலோசனை கூறலாம் என்று 2016-ல் அங்கே சட்டம் இயற்றினர். வேறொரு பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகளாகத் தாயர்க்கு உதவிவந்த மேரி ஜாக்ஸன் என்னும் பெண்மணியும் ஒரு தொண்டு நிறுவனமும் 2018-ல் நீதிமன்றம் சென்றனர். 2023 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. நேர்மையான தொழில் செய்து பிழைக்கும் உரிமையைத் தக்க காரணமின்றிப் பறித்தல் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உலகின் ஏழை நாடுகளும் இதற்குச் சான்று தருகின்றன. மெக்ஸிகோ நகரில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பெண்கள் வீடு தேடி ஆறு முறை சென்ற தாயரில், மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தோர் 67 விழுக்காடு. யாரும் செல்லாத தாயரில் 12 விழுக்காடு. டாக்காவில் டாக்டர் ருக்ஸானா ஹைதர் குழுவினர் அந்தந்தப் பகுதித் தாயரையே பத்து நாள் பயிற்றினர். ஐந்தாம் மாதத்தில் ஒருபுறம் 70 விழுக்காடு, மறுபுறம் வெறும் 6 விழுக்காடு என 2000-ல் அவர்கள் கண்ட முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது.

நம் நாட்டிற்கு வருவோம். மும்பையில் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அருகிலுள்ள சயான் மருத்துவமனையைத் தமிழர் பலர் அறிவர். அங்கே டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989 நவம்பரில் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். ஆசியாவில் அதுவே முதலாவது. 1999-ல் அவர் தோற்றுவித்த ஸ்நேஹா என்ற நிறுவனம் தாராவி போன்ற இடங்களில் அப்பகுதிப் பெண்களையே பயிற்றிப் பணியில் ஈடுபடுத்திவருகிறது. 1991 டிசம்பரில் வார்தாவில் தாய்ப்பால் ஊட்டலுக்கான இந்தியப் பேரமைப்பு தொடங்கப்பெற்றது. 1992-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் புட்டிப்பால், பால்புட்டி விளம்பரங்களைத் தடுத்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் சிற்றூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்பித்தனர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999-ல் உலகம் அறிந்தது. இன்று ஊர்தோறும் வீடு தேடிச் செல்லும் ஆஷா பணியாளர் முறைக்கு அது வழிகாட்டியாயிற்று.

ஆயினும் பணி முடிந்தபாடில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 88.6 விழுக்காடு மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன; ஆனால் பிறந்த ஒரு மணிநேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடே. 2015-16-ல் மருத்துவ நிலைய மகப்பேறுகள் 78.9 விழுக்காடாக இருந்தபோதும் இவ்வெண் 41.6 ஆகவே இருந்தது. கட்டடம் பெருகியது, கை பெருகவில்லை. பிரசவ விடுதியில் செவிலியர் ஒருவர் எத்தனை தாயரிடம்தான் அமர்ந்திருக்க முடியும்?

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமன்று. தில்லியிலோ புணேயிலோ கொல்கத்தாவிலோ மகப்பேறு காணும் நம் பெண்ணுக்குத் தாய்வீடு ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறது. அன்னையால் சில வாரங்களே வந்து தங்க இயலும். சில வேளை அதுவும் கூடுவதில்லை. மருத்துவர் கூறும் இந்தியோ வங்காளியோ வலியின் நடுவே அவள் செவியில் ஏறுவதில்லை. புண்ணானதையும் பால் கட்டியதையும் தாய்மொழியில் சொல்லவே நாணும் பெண், பிறமொழியில் எவ்வாறு சொல்வாள்? குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய தமிழ்ப் பெண்மணிகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் முறைப்படி பயிற்சி பெற்றால், அக்குடியிருப்பின் இளந்தாயர்க்கெல்லாம் ஒரு தாய்வீடு கிடைத்ததாகும்.

இப்பணியில் இறங்குவோர் சில எல்லைகளை மறத்தலாகாது. முதல் வாரம் கழிந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா என்று பார்த்தல் அவர்கள் கடமை. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் மஞ்சள் பூத்தாலும், தாய்க்குக் காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் அதனினும் பெரிய கடமை. மருந்து எழுதித் தருதல் அவர்கள் வேலையன்று. பால்மாவு வணிகரின் அன்பளிப்பு எவ்வடிவில் வந்தாலும் ஏற்றல் தகாது. பால் கொடுக்க இயலாத தாயைக் குற்றவாளிபோல் நடத்துதலும் கூடாது. அவள் மனம் நோகாமல் மாற்றுவழி காட்டுவதும் ஆலோசனையே.

இவ்வரலாற்றில் சான்றிதழும் அனுபவமும் பகைவர் அல்லர். அறியாமையால் விளையும் தீங்கைச் சான்றிதழ் தடுக்கிறது. அருகில் எவரும் இல்லாமையால் விளையும் தீங்கை அனுபவமுள்ள பெண் தடுக்கிறாள். நம் முன்னோர் பெற்றவளோடு வளர்த்தவளையும் தாய் என்றே அழைத்தனர். அப்பெயருக்கு உரியவளாக ஒரு பெண்ணை ஆக்கியது அவள் செய்த பணி. அந்தப் பணிக்கு இன்றைய அறிவையும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால், செவிலித்தாய் என்ற பழம்பெயர் நம் குடியிருப்புகளில் மீண்டும் பொருள் பெறும்.