"நமக்கொண்டும் வராது": வாவிக்கரையின் கொரோனாக் காலம்

அமிர்தகழியின் பெயரிலேயே அமிர்தம் இருக்கிறது. ஆனாலும் சாகாவரம் எந்த ஊருக்கும் வாய்த்ததில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையின் கொரோனாக் கால வரலாற்றை எழுதப் புகுவோர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இங்கு புழங்கிய ஒரு பேச்சையும் அதில் சேர்க்க வேண்டும்: "நமக்கொண்டும் வராது கா."

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1980இல் அமெரிக்க உளவியலாளர் நீல் வைன்ஸ்டீன் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். கெட்டவை தமக்கு நேரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் குறைவு என்றே அவர்கள் பொதுவாக எண்ணினார்கள். படித்தவர், பதவியில் உள்ளவர் என்று இதற்கு விலக்கில்லை. 2020 நவம்பரில் நோய் விலக வேண்டி ஆற்றில் நீர்க்குடம் விட்ட அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, பின்னர் கேகாலை வைத்தியரின் பாணியையும் அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அதே மாதம் காத்தான்குடி தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தது.

நமது சமூகத்தில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, தொற்றால் மௌத்தானவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும் நிலைமை இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பரிசோதனை, பரிசோதனைக்குப் பின் நெருப்பு என்ற பயத்தில், "இது வெறும் தடிமல்தான்" என்று சொல்லிக்கொள்வது ஓர் ஒதுங்குமிடமானது. இக்கொள்கை மக்களைச் சிகிச்சை பெறவிடாமல் தடுக்கிறது என்று 2021 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்களும் கவலை தெரிவித்தார்கள்.

2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஒரு வருடத்தில் அங்கு எழுந்த கப்றுகள் 3,600க்கும் அதிகம். பிற சமயத்தவரும் அங்கே உறங்குகிறார்கள்.

தவக்குல் என்பது நோய் நம்மைத் தொடாது என்ற கணக்கல்ல. ஹிஜ்ரி 18இல் ஷாமைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரழி), முஆத் இப்னு ஜபல் (ரழி) போன்ற ஸஹாபாக்களே மௌத்தானார்கள். நோய்ச் செய்தி கேட்டு ஸர்கிலிருந்து படையைத் திருப்பிய உமர் (ரழி) அவர்களின் ஈமானில் யாரும் குறை காணவில்லை.

யார் எதனால் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனார்கள்? நம்பிக்கையாலா, நெருப்புக்குப் பயந்தா? குடும்பங்களின் ஞாபகம் மங்குமுன் ஊர் ஊராகக் கேட்டுப் பதிய வேண்டிய கேள்வி இது. விடை தெரியாமல் அடுத்த நோய்க்கு ஆயத்தமாவது எப்படி?